ஏழுமலை தின்ற கறி

உயிர் நண்டுகளை மண்சட்டிக்குள் போட்டு, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, அடுப்பு பற்றும்வரை ஓரமாக வைத்திருந்தால் உள்ளேயிருந்து ஓர் ஓசை வரும். பிறாண்டல் என்றும் சொல்ல முடியாது, முனகல் என்றும் சொல்ல முடியாது, ஈரமான, விடாத ஓர் ஓசை. மார்கழி பிறந்ததும் என் தம்பி ஏழுமலையின் மார்பிலிருந்து அந்த ஓசைதான் வரும். ஒரே பாயில் அவனோடு படுத்திருந்த எனக்கு, அவன் மூச்சை இழுக்கும்போதெல்லாம் என் காதுக்குள்ளேயே ஏதோ ஊர்வதுபோல் இருக்கும். எங்கள் ஊரில் அந்த நோய்க்கு 'இசுப்பு' என்று பெயர். தெற்கிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த என் தாயார் அதை 'இளைப்பு' என்பார். பிற்காலத்தில் நான் படித்த புத்தகங்களில் அதற்கு வேறு பெயர்கள் இருந்தன. எந்தப் பெயராலும் அந்த ஓசை மாறவில்லை.

சென்ற மாதம் ஏழுமலை காலமானான். கருமாதிக்கு முந்திய நாள், அவனுடைய மகள் என்னிடம் வந்து ஒன்று கேட்டாள். இறந்தவர் விரும்பி உண்டவற்றையெல்லாம் சமைத்து இலையில் படைப்பது எங்கள் வழக்கம். அதற்கான ஏற்பாட்டில் இருந்தாள் அவள். "பெரியப்பா, அப்பாவுக்குச் சின்ன வயசுல ஒடம்பு முடியாதப்போ ஒரு கறி ஆக்கிக் குடுத்தாங்களாமே, அந்த மாதிரி ஒண்ணு அப்புறம் வாயிலயே வெச்சதில்லன்னு சொல்லிக்கினே இருக்கும். அதுல இன்னா போட்டு ஆக்கினாங்கன்னு சொல்லு, நான் ஆக்கிடறேன்" என்றாள். நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். யோசித்துத் தீரும் கேள்வியாக இருந்தால் அறுபது ஆண்டுகளில் தீர்ந்திருக்கும். எங்கள் வீட்டைப் பல காலம் இரண்டாகப் பிரித்து வைத்திருந்த கேள்வி அது. அந்தச் சட்டி கொதித்தபோது அருகில் இருந்தவர்களில் இன்று மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான். வாழ்நாள் முழுவதும் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவன். ஒரு துண்டு எலும்பைக் காட்டினால் அது எந்த உயிரினுடையது என்று சொல்லக்கூடியவன். ஆனால் இந்த வழக்கில் எலும்பு இல்லை. எனவே நடந்ததை நடந்த வரிசையில் எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் தெளியும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

எங்கள் ஊர் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டில் இருந்தது. கிழக்கே கதவைத் திறந்தால் கடல், மேற்கே திறந்தால் ஏரி. பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் டாக்டரிடத்துக்கும் படகேறிப் பழவேற்காட்டுக்குப் போக வேண்டும். கடலில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவற்றை நாங்கள் தின்றோம். முள்வால் திருக்கையைத் தின்றோம். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவைப் புட்டாக உதிர்த்துக் கொடுத்தோம். வெளியூர்க்காரர் பார்த்தால் முகம் சுளிக்கும் கணவாயை மையோடு ஆக்கினோம். ஆனால் ஆமையை மட்டும் தொட மாட்டோம். தொடாதது மட்டுமன்று, தொழிலுக்குப் போகும் வீட்டில் அதன் பெயரைச் சொல்லவும் கூடாது. 'சாமி' என்றுதான் சொல்ல வேண்டும். வலையில் உயிரோடு அகப்பட்டால் வலையை அறுத்தாவது விட்டுவிட வேண்டும். மஞ்சள் தண்ணீர் தெளித்து, 'தெரியாம நடந்துபோச்சு' என்று மன்னிப்புக் கேட்க வேண்டும். செத்துக் கிடந்தால் மணலில் குழி தோண்டி, பால் ஊற்றிப் புதைத்துவிட்டு, அந்த வலைக்காரர் சில நாள் கடலில் இறங்காமல் இருக்க வேண்டும். ஒரு வீட்டில் அதைக் கொன்றார்கள் என்றால் அந்த வீட்டு ஆணோடு ஒரே கட்டுமரத்தில் ஏற எவரும் துணிய மாட்டார்கள்.

இந்தச் சட்டம் எதைக் கொண்டு எழுதப்பட்டது என்று எனக்கு அப்போதே விளங்கவில்லை. பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்த காட்டூர்ப் பையன் ஒருவன், விவசாய வீட்டுப் பிள்ளை, என் சோற்றில் இருந்த திருக்கைக் கருவாட்டைப் பார்த்து, "ஐயே, வால்ல முள்ளு வெச்சிக்கினு கீறதையெல்லாம் துன்றீங்களேடா" என்று மூக்கைப் பொத்திக்கொள்வான். அவனே தன் வீட்டில் ஆட்டு ரத்தத்தை வெங்காயம் போட்டு வதக்கிய பொரியலை ஆசையோடு வர்ணிப்பான். அவனுடைய வயலில் அறுவடை முடிந்ததும் ஏரிக்கரை இருளர்கள் வந்து, வளைக்குள் புகை ஊதி எலி பிடித்துக்கொண்டு போவார்கள். அதைச் சொல்லும்போது அவனும் நானும் சேர்ந்து அருவருப்போம். அடுத்தவன் இலையைப் பார்த்துச் சுளிப்பதில் எங்களுக்குள் அப்படியொரு ஒற்றுமை இருந்தது.

என் தாயார் பிறந்த ஊரில் கணக்கு வேறு. நைனா என்று நாங்கள் அழைத்த என் தந்தை இளம் வயதில் தெற்கே விசைப்படகில் வேலைக்குப் போன இடத்தில் அவரைக் கட்டிக்கொண்டு வந்தார். அவர் ஊரில் ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஆமைக்கறி விற்பார்களாம். இளைப்பு உள்ள பிள்ளைகளுக்கு அதன் ரத்தத்தைச் சுடச்சுடக் குடிக்கக் கொடுப்பார்களாம். கல்யாணமாகி வந்த புதிதில் இதை அவர் அடுப்படியில் சாதாரணமாகச் சொல்ல, நைனாவின் தங்கையான என் அத்தை கையிலிருந்த அரிவாள்மணையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாளாம். "அண்ணி, இன்னொரு தபா அந்தப் பேரு ஒன் வாயில வந்துதுன்னா, நான் இந்தப் பக்கம் தலை வெச்சிப் படுக்க மாட்டேன்" என்றாளாம். பக்கத்து வீட்டிலேயே குடியிருந்தவள் அத்தை. அதன்பிறகு என் தாயார் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எடுக்க வைத்தது ஏழுமலைக்கு ஆறு வயதான ஆண்டின் பனி. தை முடிந்தும் ஏழுமலைக்கு மூச்சு சீராகவில்லை. டாக்டர் ஊசி போட்டால் அன்றைக்கு அடங்கும், மறுநாள் மீண்டும் தொடங்கும். உட்கார்ந்தபடியே தூங்கக் கற்றுக்கொண்டான் அவன். உதடு நீலம் பாரித்துவிடும். என்னைவிட இரண்டு வயது சிறியவன் என்றாலும், மூச்சு விடுகிற வேலை ஒன்றையே நாள் முழுவதும் செய்து களைத்த கிழவனைப்போல் என்னைப் பார்ப்பான். அவன் பிழைக்க மாட்டான் என்று ஊரில் பேசிக்கொண்டது எங்கள் காதிலும் விழுந்தது.

மாசி மாதத்துக் காலை ஒன்றில், கரையில் இழுத்த வலையில் ஆமை ஒன்று அகப்பட்டு வந்தது. பெரியது, வலைநூல் கழுத்தில் சுற்றி, துடுப்புக்கால்களால் மணலை அடித்துக்கொண்டிருந்தது. நைனா கத்தியோடு குனிந்தார். ஏழுமலையை இடுப்பில் சுமந்து வந்து நின்ற என் தாயார் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"ஒரு கை ரத்தம் போதும். ஒத்தக் கை. மத்தத நீங்க கடல்லயே விட்ருங்க."

நைனா நிமிரவில்லை. "இன்னா பேசற நீ? நாலு பேரு நிக்கறாங்க."

"நாலு பேரு நிக்காவ. எம்புள்ளைக்கு நிக்க முடியலியே."

நைனா வலையைத்தான் அறுத்தார். அத்தை மஞ்சள் தண்ணீரைத் தெளித்து, "போ சாமி, எங்க புள்ளைய நீதான் பாத்துக்கணும்" என்று கும்பிட்டாள். அது திரும்பிப் பார்க்காமல் அலைக்குள் இறங்கியது. என் தாயார் அது மறைந்த இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இடுப்பில் அந்த நண்டுச்சட்டி ஓசை நிற்கவே இல்லை.

எங்களுக்கு இறால் கொண்டுவருபவள் நாகம்மா. ஏரிக்கு மேற்கே, வயல்களை ஒட்டிய இருளர் குடிசைகளில் ஒன்றில் இருந்தாள். கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட ஓலைப்பறியில் போடுவாள். அந்த வாரம் அவள் வந்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தேன். ஆகவே இந்த உரையாடலுக்கு நானே சாட்சி.

"நாகம்மா, எலியெல்லாம் சாப்புடுதவங்கதானே நீங்க? ஆமையும் புடிப்பீயல்லா? எம்புள்ளைக்கு மருந்துக்கு வேணும்" என்றார் என் தாயார்.

நாகம்மா பறியைக் கீழே வைத்தாள். உள்ளே பாயில் சுவரோடு சாய்ந்திருந்த ஏழுமலையைப் பார்த்தாள். பிறகு என் தாயாரைப் பார்த்தாள்.

"பாக்கறேம்மா" என்றாள்.

அவ்வளவுதான். அடுத்த நாள் பொழுது சாயும் வேளையில் பூவரச இலைப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். "ரத்தம்?" என்று கேட்டார் என் தாயார். "கறிதாம்மா. மொளவு நெறைய இடிச்சிப் போட்டு ஆக்கிக் குடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஓடு எங்கே, தோல் எங்கே என்று என் தாயார் கேட்கவில்லை. கறி என்ன கறி என்று நாகம்மாவும் சொல்லவில்லை. சிறு சிறு துண்டுகளாக, சிவப்பும் வெளுப்புமாக இருந்ததென்று எனக்கு நினைவு. ஆனால் எட்டிப் பார்த்த என்னை, "அத்த வாராளான்னு வாசல்ல போயி நில்லுல" என்று விரட்டிவிட்டார்.

நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவே நின்றேன். மிளகும் பூண்டும் கொதிக்கும் மணம் வந்தது. அதற்கு அடியில் வேறொரு மணம் இருந்தது. மீன் மணமில்லை, ஆட்டுக்கறி மணமும் இல்லை. அது நனைந்த வைக்கோலை நினைவூட்டியதாகச் சில சமயம் தோன்றும். வெயிலில் காய்ந்த கடற்பாசியை நினைவூட்டியதாகச் சில சமயம் தோன்றும். இந்த இரண்டும் என் மனம் பின்னால் சேர்த்துக்கொண்ட ஒப்பீடுகளாகவும் இருக்கலாம். உறுதியாகச் சொல்லக்கூடியது, எனக்கு வாய் ஊறியது என்பதுதான். எனக்கும் கேட்டேன். "ஒனக்கு என்ன இளைப்பா இருக்கு? போல" என்றார் என் தாயார். ஏழுமலை சாற்றை உறிஞ்சிக் குடித்தான், கறியை மென்று தின்றான், கிண்ணத்தை விரலால் வழித்தான். அன்றைக்குப் படுத்துத் தூங்கினான்.

அவன் தேறினான். மாசி போய்ப் பங்குனி வந்து காற்று தெற்கே திரும்பியதும் இப்படிப்பட்ட பிள்ளைகள் பலரும் தேறுவதுண்டு என்று இன்று நான் சொல்வேன். அன்று நாங்கள் கண்டது, மணலில் ஓடிய ஏழுமலையைத்தான். நைனா அவன் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, "வலையை அறுத்து சாமிய விட்டோமில்ல, அதான்" என்று மனநிறைவோடு சொன்னார். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் என் தாயாரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

"உங்க சாமி கடலுக்குள்ள போயிக் காப்பாத்தல" என்றார் என் தாயார். "புள்ள வயித்துக்குள்ள போயித்தான் காப்பாத்துச்சு."

நைனா கத்தவில்லை, கை ஓங்கவில்லை. மணலில் அப்படியே உட்கார்ந்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, ஊர்ப் பெரியதனக்காரரிடம் தாமே போய்ச் சொன்னார். மறைத்திருக்கலாமே என்று பின்னாளில் நான் கேட்டபோது, என் கேள்வியே அவருக்குப் புரியவில்லை. "என்கூட மரத்துல வர்றவனுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்குதில்ல?" என்றார். விசாரித்து முடிக்கும்வரை அவர் கடலில் இறங்கக் கூடாது என்று பெரியதனக்காரர் சொல்லிவிட்டார். குற்றம் உறுதியானால் குடும்பத்தை ஊரைவிட்டு விலக்கி வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. அக்கரையிலிருந்து நாகம்மாவைப் படகில் கூட்டிவந்தார்கள். அவளைச் சற்றுத் தள்ளியே நிற்கவைத்தார்கள்.

"நாகம்மா, மரியாதையா நெசத்தைச் சொல்லு. அந்தப் புள்ளைக்கு இன்னா கறி குடுத்த?" என்றார் பெரியதனக்காரர்.

"எலி, ஐயா."

"இன்னாது?"

"எலி. அறுத்த வயல்ல பொகை போட்டுப் புடிச்சது. எங்க வூட்டுப் புள்ளைங்களுக்கு வெச்சிருந்தோம். அதைத்தான் குடுத்தேன்."

"அந்தம்மா ஒன்ன வேற கேட்டாங்களாமே?"

"கேட்டாங்க." நாகம்மாவின் குரல் அதுவரை இருந்த மாதிரி இல்லை. "எலி துன்றவ எதை வேணாலும் துன்னுவான்னு கேட்டாங்க. எங்க கொலதெய்வம் கன்னியம்மா ஏறி வர்ற சாமி அது. அதை அறுக்கற கையா இது? ஒங்களுக்கு மட்டுந்தான் சாமி கீதா?"

பிறகு பின்வரிசையில் எவனோ ஒருவன் "எலி!" என்று சொல்லிச் சிரித்துவிட்டான். அடக்கி வைத்திருந்த மூச்சை ஊரே விட்டாற்போல் சிரிப்பு பரவியது.

"எலின்னா ஊருக்குக் குத்தமில்ல" என்றார் பெரியதனக்காரர், துண்டை உதறிக்கொண்டு. "வூட்டைக் கழுவி வுட்டுட்டுத் தொழிலைப் பாரு."

"குத்தமில்லையா?" என்று எழுந்தாள் அத்தை. "எங்க அண்ணன் வூட்டு அடுப்புல எலி வெந்துக்குது! நான் அந்த வூட்ல இனிமே ஒரு வாய் தண்ணி குடிப்பனா?"

"நீ குடிக்கலன்னா தண்ணி மிச்சந்தானேக்கா" என்றார் ஒருவர். நைனாவோடு மரத்தில் போகும் இன்னொருவர், "இனிமே வலை எதுக்குண்ணே? ஒரு பூனைய இட்டுக்கினு போலாம்" என்றார். நைனா சிரித்தார். கண்ணில் நீர் வழிய, அடக்க முடியாமல், ஒரு குழந்தையைப்போல் சிரித்தார். அதே நேரத்தில், கோயில் சுவரைப் பிடித்துக்கொண்டு, என் தாயார் வாந்தியெடுத்தார்.

அந்தக் காட்சியை நான் இன்றுவரை முழுவதும் விளங்கிக்கொண்டதில்லை. கணவரின் தெய்வத்தையே சட்டியில் போட்டுப் பிள்ளைக்கு ஊட்டினோம் என்று நிமிர்ந்து நின்றவர் அவர். ஊர் விலக்கி வைத்தாலும் பிள்ளையோடு தெற்கே போய்விடுவேன் என்று அன்று காலைகூடச் சொன்னவர். ஆனால் எலி என்ற சொல்லை அவரால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தச் சட்டியை உடைத்து மணலில் ஆழப் புதைத்தார். ஏழுமலையின் வாயில் விரலை விட்டுத் தேய்த்துக் கழுவினார். எல்லாம் செரித்து வாரக்கணக்காகியிருந்தது. நைனாவோ, எலி என்று தெரிந்த கணமே தம் பிள்ளை தமக்குத் திரும்பக் கிடைத்துவிட்டதாகக் கொண்டார். எலியைத் தின்றது அவருக்கு ஊர் கேலி செய்யும் ஓர் அவமானம் மட்டுமே. அதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்.

சில நாளில் என் தாயார் ஒரு முடிவுக்கு வந்தார். நாகம்மா சொன்னது பொய். "அத்தன ஆம்பளைங்க சுத்தி நிக்கைல, ஆமைய அறுத்தேன்னு சொன்னா அவளச் சும்மா விட்ருப்பாவளா? பயந்துட்டா. என்னையும் காப்பாத்திட்டா, அவளும் தப்பிச்சிட்டா" என்பார். பிள்ளையைப் பிழைக்க வைத்தது ஆமைதான். எலியால் எந்த இளைப்பு நின்றிருக்கிறது? நைனா இதைக் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். அவரைப் பொறுத்தவரை நாகம்மாவின் வாக்கே உண்மை. கோயில் முன்னால் நின்று சொன்னதல்லவா? ஒரு பிள்ளை பிழைத்ததற்கு ஒரே வீட்டில் இரண்டு காரணங்கள் குடியிருந்தன.

இதில் ஏழுமலை நடந்துகொண்ட விதம்தான் என்னை இன்னும் குழப்புகிறது. ஊர்ப் பிள்ளைகள் அவனை 'எலிக்குஞ்சு' என்று கூப்பிட்டார்கள். அவன் முன்பற்களைக் காட்டிக் கொறிப்பதுபோல் நடித்து அவர்களையே சிரிக்க வைப்பான். என் தாயார் தனியாக அழைத்து, "நெசத்தச் சொல்லுல, அது எலி மாதிரியா இருந்துச்சு?" என்று கேட்கும்போது, "இல்லம்மா, கறி தடியா இருந்திச்சி, எலும்பே இல்ல" என்பான். நைனா படகுத்துறையில் வைத்துக் கேட்டால், "சின்னச் சின்ன எலும்பு நைனா, பல்லுல மாட்டிக்கிச்சு" என்பான். இரண்டையும் நான் கேட்டிருக்கிறேன். சிறுபிள்ளை, நினைவு தப்பியிருக்கும் என்று அப்போது எண்ணினேன். ஆனால் அவன் வளர்ந்து, நைனாவின் மரத்தில் ஏறி, பிறகு சொந்தப் படகு வாங்கி, மணமாகி, மகள் பிறந்து, எங்கள் பெற்றோர் முதுமையில் விழுந்த காலத்திலும் அவன் பதில்கள் மாறவில்லை. அம்மாவின் கடைசி நாட்களில் அவருக்குக் கஞ்சி ஊட்டியபடி, "ஆமைதாம்மா, எனக்குத் தெரியாதா?" என்றான். நைனாவின் கடைசி நாட்களில் வேறு சொன்னான்.

கல்லூரியில் சேர்ந்த புதிதில், இதைத் தீர்த்துவிடலாம் என்ற நினைப்பில், நான் நாகம்மாவையே தேடிப்போனேன். அவள் ஏரிக்குள் பறியைப் பல்லில் கடித்தபடி சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தாள். நான் கரையில் நின்று கேட்டதும் பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"ஊரையே கூட்டி வெச்சிக் கேட்டீங்க, சொன்னேன். அப்பவும் உங்கம்மா நம்பல. இப்ப நீ வந்து இன்னொரு தபா கேக்கற. எலின்னு சொன்னா நம்புவியா கண்ணு?"

நான் தயங்கினேன். அந்தத் தயக்கத்தைப் பார்த்தாள். பறியை மறுபடியும் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். என் தாயார் அவளிடம் இறால் வாங்குவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

பிற்காலத்தில் என் பணி என்னைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோயிற்று. ஆய்வரங்குகளின் விருந்துகளில் நத்தையும் தவளையும் பரிமாறினார்கள், உண்டேன், என் உடம்பு எந்த மறுப்பும் சொல்லவில்லை. இன்ன உயிரை இன்ன மக்கள் ஏன் விலக்குகிறார்கள் என்பதற்கு அறிஞர்கள் கூறும் காரணங்களையும் அறிவேன். அவற்றில் சில எனக்கு ஏற்புடையவை. ஆனால் என் தாயார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதையும், என் தந்தை கண்ணீர் வழியச் சிரித்ததையும் அந்தக் காரணங்களுக்குள் என்னால் வைக்க முடிந்ததில்லை. ஏழுமலையிடம் நான் நேராக ஒருநாளும் கேட்டதில்லை. அவனும் தானாகச் சொன்னதில்லை. அவனுடைய கடைசி வாரத்தில், சென்னை மருத்துவமனையில், அவன் மார்பிலிருந்து அந்தப் பழைய ஓசையை மீண்டும் கேட்டேன். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

கருமாதிக்கு முந்திய நாள் மாலை, அவன் மகளை அழைத்து மேலே உள்ளவற்றையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு என்னை வியப்போடு பார்த்தாள்.

"ஆமையா? எலியா? இன்னா பெரியப்பா சொல்ற? என்கிட்ட நாட்டுக்கோழின்னுதானே சொல்லிச்சு? நான் மசாலாவைத்தானே ஒன்னைக் கேட்டேன்?"

"கோழியா?"

"ஆமா. சின்ன வயசுல எனக்குக் கறின்னாலே கொமட்டும். ஒருவாய் உள்ள போவாது. அப்போதான் சொல்லும். 'எனக்கு மூச்சே இல்லாமப் பூடுச்சும்மா, ஒங்க ஆயா நாட்டுக்கோழிச் சாறு வெச்சிக் குடுத்துதான் எழுந்திரிச்சேன், நீயும் துன்னும்மா'ன்னு. அப்படித்தான் நான் துன்னக் கத்துக்கினேன்."

தாய்க்கு ஆமை, தந்தைக்கு எலி, மகளுக்குக் கோழி. ஒவ்வொருவருக்கும் எது தொண்டையில் இறங்குமோ அதைக் கொடுத்திருக்கிறான். நாகம்மாவின் பொட்டலம் பிரிந்தபோதும், சட்டி இறங்கியபோதும், பல்லுக்கிடையில் அதை மென்றபோதும் அவன் ஒருவன்தான் அங்கே முழுதாக இருந்தவன். அவனுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு மனம் சொல்கிறது. காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாகக் கிடந்த ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்கும் என்று இன்னொரு மனம் சொல்கிறது. எனக்கு மட்டும் அவன் ஏன் ஒரு பதிலும் தரவில்லை? என்னால் விடையில்லாமல் இருக்க முடியும் என்று நம்பினானா, எதைச் சொன்னாலும் எலும்பு எங்கே என்று கேட்பேன் என்று அஞ்சினானா, அல்லது நான் கேட்பேன் என்று கடைசிவரை காத்திருந்தானா?

மறுநாள் நாட்டுக்கோழிக் குழம்பு படைக்கப்பட்டது. அந்த மணல்திட்டில் இன்று எங்கள் தலைமுறை ஆட்கள் மிகக் குறைவு. ஆமை கரையேறினால் பிள்ளைகள் கைபேசியில் படம் பிடித்து வனத்துறைக்குச் சொல்கிறார்கள். மஞ்சள் தண்ணீர் தெளிப்பவர் இல்லை, பெயரைச் சொல்லக் கூசுபவரும் இல்லை. மேற்குக் கரை வயல்களில் மருந்தடித்து எலி ஒழிந்தது என்கிறார்கள். நாகம்மாவின் பேரப்பிள்ளைகள் நெடுஞ்சாலைக் கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்களாம். அவர்களைத் தேடிப்போய்க் கேட்க எனக்கு எந்த உரிமையும் இருப்பதாகத் தோன்றவில்லை.

படைத்து முடித்து, உள்ளே பந்தி போட்டபோது, ஏழுமலையின் மகள் சட்டியோடு வந்து என் அருகில் உட்கார்ந்தாள். மிளகு நிறைய இடித்துப் போட்டிருந்தாள். மூடியைத் திறந்து என் பக்கம் சாய்த்தாள்.

"நீதானே பெரியப்பா அன்னிக்கி பக்கத்துல இருந்த? மோந்து பாரு. இந்த வாசனைதானா?"

அவள் கண்கள் பல நாட்களாகத் தூங்காதவை. நான் குனிந்து முகர்ந்தேன்.

"இதேதான்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டு எனக்குப் பரிமாறினாள். நான் உண்டேன். அன்றிலிருந்து பலமுறை முயன்று பார்த்துவிட்டேன். அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவே நின்ற அந்த மாலையை நினைத்தால் இப்போது கோழிக்குழம்பின் மணம்தான் வருகிறது. மற்றது வருவதில்லை.